சம்பளக்காரர் வரி குறைந்தால் நம் கல்லா நிறையுமா?



2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. அன்று மாலை செம்மேட்டில் என் கடைக்கு, உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் மளிகை வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்தார். வழக்கமாக ஒரு பெட்டி நெய் எடுப்பவர் மூன்று பெட்டி கேட்டார். பிஸ்கட், முந்திரி, நயம் சோப்பு எல்லாவற்றிலும் அதே கதை.

"என்ன தம்பி, வீட்டில் விசேஷமா?" என்றேன்.

"இல்லீங்கண்ணா, டி.வி.யில் பார்க்கலீங்களா? பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொல்லிட்டாங்க. இனி சம்பளக்காரர் கையில் காசு புரளும். சரக்கு வேண்டாமா?" என்றார்.

அவரை நான் தடுக்கவில்லை. அதுமட்டுமா? நானும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போன் போட்டு, இரண்டு மடங்கு சரக்கு அனுப்பச் சொன்னேன். நாற்பது ஆண்டு வியாபாரம் செய்தவன் செய்த தவறு இது. சித்திரை போய் வைகாசியும் வந்தது. அவர் கடையிலும் என் குடோனிலும் நெய்ப் பெட்டிகள் அப்படியே இருந்தன. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த சரக்கு திரும்ப இறங்குவதில்லை. இறக்கினால் லாரி வாடகையும் கட்டாது. தேதி முடியும் தறுவாயில் முதலுக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

அதன் பிறகுதான், எனக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஆடிட்டர் அலுவலகத்துத் தம்பியிடம் உட்கார்ந்து இந்தப் பாடத்தைப் படித்தேன். படித்ததை நம் சங்க இதழ் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வரி எங்கே பிடிக்கப்படுகிறது?

நாம் வரியை ஆண்டு முடிந்து கணக்குப் பார்த்தோ, முன்வரியாகத் தவணையிலோ கட்டுகிறோம். சம்பளக்காரர் நிலை வேறு. சம்பளம் கொடுப்பவரே ஆண்டு முழுவதற்கும் உத்தேசமாக வரியைக் கணக்கிட்டு, மாதாமாதம் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவார். இதையே டி.டி.எஸ். என்கிறோம். ஆகவே வரி குறைந்தால் அந்தப் பணம் ஒரே நாளில் மூட்டையாக வந்து விழாது. பிடித்தம் குறைந்து, கைக்கு வரும் சம்பளம் மாதம் சில நூறோ சில ஆயிரமோ கூடும். அதுவும் பிப்ரவரியில் அறிவித்தது ஏப்ரல் மாதச் சம்பளத்திலிருந்துதான். எங்கள் முதல் தவறு, பிப்ரவரிச் செய்திக்குப் பிப்ரவரியிலேயே சரக்கு ஏற்றியது.

இன்னொரு பழக்கமும் உண்டு. பல அலுவலகங்களில் மாதந்தோறும் கொஞ்சமாகப் பிடித்து, மீதியை ஜனவரி, பிப்ரவரிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிப்பார்கள். மாசி மாதத்தில் ஆசிரியர், அலுவலர் வீட்டு மாதக் கணக்கு நம் சிட்டையில் பாக்கி நிற்பதற்கு இதுவே காரணம். "இந்த மாசச் சம்பளம் வரிக்கே போச்சுங்க, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்று கேட்காத கடைக்காரர் உண்டா?

2025-26இல் என்ன மாறியது?

2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த மாற்றம் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பொருந்துவது. அதுவும் புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த முறையில் விகிதம் இப்படி:

ரூ.4 லட்சம் வரை வரி இல்லை.
4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம்.
8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம்.
12 முதல் 16 லட்சம் வரை 15 சதவீதம்.
16 முதல் 20 லட்சம் வரை 20 சதவீதம்.
20 முதல் 24 லட்சம் வரை 25 சதவீதம்.
அதற்கு மேல் 30 சதவீதம்.

"பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்றார்களே, இங்கே 4 லட்சத்திலேயே 5 சதவீதம் தொடங்குகிறதே?" என்று கேட்கலாம். நுணுக்கம் இங்கேதான். விகிதப்படி 12 லட்சத்துக்கு ரூ.60,000 வரி வருகிறது. வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 60,000 வரை தள்ளுபடி. நம் பாஷையில் சொன்னால், பில் போட்டுவிட்டு அடியில் கழிவு கொடுப்பது போல. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு ரூ.75,000 தனியாக உண்டு என்பதால், அவருக்கு ரூ.12.75 லட்சம் வரை வரி இல்லை. இந்த மாற்றத்தால் அரசு விட்டுக்கொடுக்கும் நேரடி வரி சுமார் ரூ.1 லட்சம் கோடி என்று அப்போது சொல்லப்பட்டது.

இப்படியொரு குறைப்பு நம் தலைமுறைக்குப் புதிதல்ல. 1997 பிப்ரவரியில் ப.சிதம்பரம் போட்ட பட்ஜெட்டில் 15, 30, 40 சதவீதமாக இருந்த விகிதங்கள் 10, 20, 30 என இறங்கின. அப்போதும் கடைவீதியில் இதே பேச்சுத்தான்.

மூன்று வீடுகள், மூன்று கணக்குகள்

புதிய வரி முறையில் இருப்பவர்கள், வேறு வருமானம் இல்லாதவர்கள் என்று வைத்துக்கொண்டு மூன்று சம்பளக்காரர்களைப் பார்ப்போம்.

முதல் வீடு: மாதம் ரூ.1,00,000. ஆண்டுக்கு 12 லட்சம். நிலையான கழிவு போக 11.25 லட்சம். 2024-25இல் இவருக்கு வரி ரூ.68,750, அதன் மேல் 4 சதவீத செஸ் ரூ.2,750, ஆக ரூ.71,500. 2025-26இல் ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ரூ.5,950 மிச்சம்.

இரண்டாம் வீடு: மாதம் ரூ.75,000. ஆண்டுக்கு 9 லட்சம். கழிவு போக 8.25 லட்சம். 2024-25இல் வரியும் செஸும் சேர்த்து ரூ.33,800. 2025-26இல் ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஏறக்குறைய ரூ.2,800 மிச்சம்.

மூன்றாம் வீடு: மாதம் ரூ.50,000. ஆண்டுக்கு 6 லட்சம். 2024-25இலேயே 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் அவர் அப்போதும் வரி கட்டவில்லை. மாதத்துக்கு மிச்சம் ஒரு காசும் இல்லை.

மூன்றாம் வீட்டைக் கவனியுங்கள். மாதச் சம்பளம் ஏறக்குறைய ரூ.64,600க்குக் கீழே இருந்த யாருக்கும் இந்தக் குறைப்பால் கைக்கு வரும் தொகை கூடவில்லை. கட்டாத வரியை எப்படிக் குறைப்பது? வீட்டுக் கடன், எல்.ஐ.சி., சேமநிதிக் கழிவுகளுக்காகப் பழைய முறையிலேயே இருந்தவர்களுக்கும் விகிதம் மாறவில்லை.

என் கடைக்கு முன்பக்கம் சில்லறை வியாபாரமும் உண்டு. மாதக் கணக்கு வைத்திருக்கும் சம்பளக்காரர் வீடுகள் முப்பத்தொன்று. ஆசிரியர்கள், மின்வாரியம், ஆஸ்பத்திரி, வனத்துறை, வங்கி, பஸ் ஊழியர் எல்லோரும் அதில் அடக்கம். மாதச் சாமான் வாங்க வந்தபோது ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். பிடித்தம் குறைந்தவர்கள் ஒன்பது பேர்தான். மிளகும் காப்பியும் பறிக்கும் கூலிக் குடும்பங்கள், தோட்டக்காரர், ஜீப் டிரைவர் என நம் வியாபாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் மற்றவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மலைவாழ் பழங்குடியினருக்கு வருமான வரியே கிடையாது என்று நம் மலையில் பலர் சொல்கிறார்கள். அந்த விலக்கு வடகிழக்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் லடாக்கிலும் வாழும் பழங்குடியினருக்கு உரியது. கொல்லிமலைக்கு அது கிடையாது. நம் மலையாளி சமூகத்து ஆசிரியருக்கும் மற்றவருக்கு உள்ள அதே கணக்குத்தான். விவசாய வருமானத்துக்கு விலக்கு இருப்பது வேறு விஷயம்.

அந்த ஒன்பது வீட்டுப் பணம் எங்கே போனது?

நான் அறிந்தவரை, இரண்டு பேர் நகைக் கடனை அடைக்கத் தொடங்கினார்கள். ஒருவர் மகளின் கல்லூரி விடுதிக் கட்டணத்துக்கு ஒதுக்கினார். ஒருவர் சீட்டு சேர்ந்தார். மூன்று பேர் என் பழைய பாக்கியை மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று தீர்த்தார்கள். நெய் கூடுதலாக வாங்கியவர்கள் இரண்டே பேர்.

இதில் எனக்கு வருத்தம் இல்லை. யோசித்தால் இதுவே நியாயம். சம்பளம் கூடியது என்பதற்காக யாரும் இரண்டு வேளை கூடுதலாகச் சாப்பிடுவதில்லை. அரிசியும் பருப்பும் வாங்கும் அளவு மாறாது. கையில் மிஞ்சுவது முதலில் கடனுக்குப் போகும், பிறகு பிள்ளைகள் படிப்புக்கு, பிறகு சேமிப்புக்கு. கடைசியில்தான் மளிகைக் கடைக்கு. ஆகவே வரிக் குறைப்பின் பலனை நாம் பற்று வரவில் தேட வேண்டுமே தவிர விற்பனைத் தொகையில் அல்ல. நமக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம், அந்த வீடுகளில் மாசி மாத நெருக்கடி குறைவதும், நின்ற பாக்கி வசூலாவதும்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜி.எஸ்.டி. குறைப்பை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலை எண்ணெய், பிஸ்கட் 18 சதவீதத்திலிருந்து 5க்கும், நெய் 12இலிருந்து 5க்கும் இறங்கின. வருமான வரி என்றால் என்னவென்றே தெரியாத கூலிக்காரர் வாங்கும் சோப்பிலும் அது தெரிந்தது. ஒன்று சில வீட்டுச் சம்பளத்தைத் தொட்டது. மற்றது எல்லா வீட்டுச் சாமான் சீட்டையும் தொட்டது.

ரீஃபண்ட் என்றால் பரிசு அல்ல

பிடித்த வரி, கட்ட வேண்டிய வரியைவிடக் கூடுதலாக இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்தபின் அந்த அதிகப்படி வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். இதுவே ரீஃபண்ட். பலர் இதை அரசு கொடுக்கும் இனாம் போல நினைக்கிறார்கள். அது அவரவர் பணமே. அரசிடம் சில மாதம் கைமாற்றாக இருந்துவிட்டு வருகிறது. அதற்கு அரசு தரும் வட்டி நூற்றுக்கு மாதம் அரை ரூபாய். சிறு தொகையானால் அதுவும் கிடைக்காது. நாமோ நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று கைமாற்று வாங்கி வியாபாரம் செய்கிறோம். பெரிய ரீஃபண்ட் வந்தது என்று மகிழ்கிறவர், அரை வட்டிக்குக் கொடுத்து இரண்டு வட்டிக்கு வாங்கியவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாதப் பிடித்தமும் ரீஃபண்டும் தராசின் இரண்டு தட்டு. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். அமெரிக்காவில் நடந்த ஓர் அனுபவம் இதை விளக்கும். 2017 டிசம்பரில் அங்கே வரிக் குறைப்புச் சட்டம் வந்தது. 2018 பிப்ரவரி முதல் சம்பளத்தில் பிடித்தம் குறைந்தது. ஒவ்வொரு சம்பளத்திலும் சிறிது சிறிதாகக் கூடியதைப் பலர் கவனிக்கவே இல்லை. 2019 தொடக்கத்தில் ரிட்டர்ன் போட்டபோது வழக்கமான ரீஃபண்ட் குறைந்திருப்பதைக் கண்டு, வரி குறைந்த ஆண்டிலேயே "என் பணம் எங்கே?" என்று கேட்டவர்கள் ஏராளம். பணம் எங்கும் போகவில்லை; முன்பே சில்லறையாக வந்து செலவாகிவிட்டது.

அங்கே குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு வரிச் சலுகை உண்டு. அதன் ஒரு பகுதி, கட்டிய வரியைவிடக் கூடுதலாகவும் ரீஃபண்டாகவே கிடைக்கும். நம் நாட்டு வருமான வரியில் அப்படி இல்லை. கட்டியதற்கு மேல் ஒரு ரூபாயும் திரும்பாது. இங்கே குடும்பத்துக்கான உதவி வேறு வழியில் வருகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை மாதம் ரூ.1,000 நேராக வங்கிக் கணக்குக்குப் போனது. தொடக்கத்தில் வகுத்த விதிகளின்படி அரசு ஊழியர், வருமான வரி கட்டுவோர் குடும்பங்களுக்கு அது கிடையாது. ஆக, வரிக் குறைப்பு பெற்ற வீடு ஒன்று. ஆயிரம் ரூபாய் பெற்ற வீடு வேறொன்று. நம் கடையில் அந்த ஆயிரம் பெரும்பாலும் அதே வாரத்தில் எண்ணெயாகவும் பருப்பாகவும் மாறியது. நான் கண்ணால் கண்டது இது.

கமிஷனுக்கு ரீஃபண்ட் வாங்கித் தருபவர்கள்

என் வாடிக்கையாளர் ஒருவர், அரசுப் பணியில் இருப்பவர். ஒரு நாள் மகிழ்ச்சியோடு வந்து, "அய்யா, ஒருத்தர் மூலமா முப்பத்தெட்டாயிரம் ரீஃபண்ட் வாங்கிட்டேன். கமிஷன் ஐயாயிரம் போனால் என்ன?" என்றார். நானும் "நல்ல யோகம்தான்" என்றேன். அன்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அந்த இடைத்தரகர் அவருக்குத் தெரியாமல், கொடுக்காத வீட்டு வாடகை, செய்யாத நன்கொடை, இல்லாத மருத்துவச் செலவு எல்லாவற்றையும் பழைய வரி முறையில் எழுதி ரிட்டர்ன் போட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு விளக்கம் கேட்டுச் செய்தி வந்தது. தரகரின் போன் அணைந்துவிட்டது. ரீஃபண்ட் தொகை, வட்டி, கூடுதல் வரி எல்லாம் சேர்த்துத் திருத்திய கணக்குப் போட்டுக் கட்டினார். அந்த ஆறு மாதமும் என் கடையில் அவர் வீட்டுப் பற்று நின்றது. அவர் மனைவி சாமான் சீட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சங்கடம் பணத்தைவிடப் பெரியது.

இது அவர் ஒருவர் கதையல்ல. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை, போலிக் கழிவு காட்டும் இடைத்தரகர்களுக்கு எதிராகத் தமிழ்நாடு உட்பட நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தெரிந்தே பொய்க் கணக்கு காட்டியதாக முடிவானால், தவிர்த்த வரியைப் போல இரு மடங்கு அபராதம் உண்டு. கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே.

நம் சொந்தக் கணக்கு

சம்பளக்காரரைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம் கணக்கையும் பார்க்க வேண்டாமா? 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி புதிய வருமான வரிச் சட்டம் 2025இல் இயற்றப்பட்டது. பிரிவு எண்கள் மாறுவதால் எண்களை விட்டுவிட்டு, 2025-26 ஆண்டுக்கான விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

1. ஆண்டு விற்பனை ரூ.2 கோடி வரை உள்ள கடைக்காரர், விற்பனையில் 8 சதவீதம் லாபம் என உத்தேசமாகக் காட்டலாம். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ வந்த விற்பனைக்கு 6 சதவீதம் போதும். முழுதும் ரொக்கமாக விற்பவருக்கு ஒன்றரைக் கோடி விற்பனையில் 12 லட்சம் வருமானம். தனிநபராகக் கடை நடத்துபவர், வேறு வருமானம் இல்லாதவர் என்றால் 2024-25இல் ரூ.83,200 கட்டியிருப்பார். 2025-26இல் வரி இல்லை.

2. வரி இல்லை என்றால் ரிட்டர்ன் வேண்டாம் என்பதல்ல. வருமானம் ரூ.4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தள்ளுபடி கிடைப்பதும் அதில் கணக்குக் காட்டித்தான். வங்கிக் கடன் கேட்கும்போதும் அந்தத் தாள்தான் பேசும்.

3. இந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு மட்டும். கூட்டுக் குடும்பக் கணக்கில் வியாபாரம் செய்தால் 12 லட்சத்துக்கு 60,000 வரியும் செஸும் கட்டியாக வேண்டும். கூட்டு வியாபார நிறுவனத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். நம் சங்கத்தில் பலர் அப்பா காலத்துப் பத்திரத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. நிறுவனம் கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி ஆண்டுக்கு ரூ.20,000ஐத் தாண்டினால் 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று விதி வந்தது. கூட்டாளியின் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் பிடித்தது முழுதும் ரீஃபண்டாகத் திரும்பும், ரிட்டர்ன் போட்டால்.

5. வருமானம் 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் பயப்பட வேண்டாம். ரூ.12,10,000 என்றால் விகிதப்படி வரி 61,500. ஆனால் தாண்டிய 10,000க்கு மேல் வரி போகக் கூடாது என்று நிவாரணம் உண்டு. பத்தாயிரமும் செஸும் கட்டினால் போதும். இதற்குப் பயந்து விற்பனையை மறைத்தால் ஜி.எஸ்.டி. கணக்கும் வருமான வரிக் கணக்கும் ஒன்றோடொன்று இடிக்கும்.

6. வீட்டுமனை விற்றது, ஷேர் விற்றது போன்ற தனி விகித லாபங்களுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

7. ரீஃபண்ட், பான் எண்ணோடு இணைத்துச் சரிபார்த்த வங்கிக் கணக்குக்கே வரும். பழைய கணக்கை மூடியவர்கள் மாற்றிப் பதிவு செய்யுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை

செய்தியைக் கேட்டுச் சரக்கு ஏற்றாதீர்கள்; சிட்டையைப் பார்த்து ஏற்றுங்கள். அடுத்த முறை வரிக் குறைப்பு என்று அறிவிப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நம் வாடிக்கையாளரில் எத்தனை பேர் வரி கட்டுகிறவர்கள்? எந்த மாதச் சம்பளத்திலிருந்து அது தெரியும்? அந்த வீட்டில் முதலில் அடைக்க வேண்டிய கடன் எது? மூன்றுக்கும் பதில் நம் பற்று நோட்டிலேயே இருக்கிறது. நம் மலையில் விற்பனை கூடுவது மிளகுப் பறிப்பிலும், காப்பிப் பறிப்பிலும், ஆடிப் பதினெட்டு வல்வில் ஓரி விழாவிலும்தான். டெல்லி அறிவிப்பு அந்தப் பருவத்தை மாற்றுவதில்லை.

மூன்று பெட்டி நெய் கேட்ட அந்தத் தம்பி போன வாரம் வந்தார். "ஒரு பெட்டி போதுங்கண்ணா" என்றார். கூடவே, நின்ற பாக்கியில் நாலாயிரம் கொடுத்தார். அவர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் அவருக்குப் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டாராம். அந்த வீட்டில் குறைந்த வரிப்பணம் இப்படித்தான் இரண்டு கை மாறி என் கல்லாவுக்கு வந்து சேர்ந்தது.



செம்மேட்டிலிருந்து ஒரு மளிகை மொத்த வியாபாரி